கயிறு கேட்டுப் போன வைகாசி

ஒரு குழந்தையின் சாவில் எனக்குப் பங்கு உண்டு. சாட்சி எழுத உட்காருகிறவன் இப்படித் தொடங்கக் கூடாது என்று தெரியும். வியாதியிலிருந்தோ கடனிலிருந்தோ தொடங்கியிருந்தால் படிக்கிற உங்களுக்கும் எழுதுகிற எனக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். ஆனால் சர்வேசுரன் எனக்குச் செய்த உபகாரத்தைச் சொல்ல வேண்டுமானால், அதற்கு முன் நான் செய்ததைச் சொல்லியாக வேண்டும்.

ஆட்டையாம்பட்டிக்குத் தெற்கே ஒரு நெசவாளர் கிராமம். அங்கே பங்குக் கோவிலை ஒட்டிய ஆரம்பப் பள்ளியில் நான் வாத்தியார். அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. முடி போனால் புத்தி வரும் என்று காத்திருந்தேன். முடி மட்டும் போனது. கோவில் திருவிழாவுக்கு வருடந்தோறும் ஒரு சிரிப்பு நாடகம் எழுதுவேன். அதனால் ஊரில் என் பெயர் சிரிப்பு வாத்தியார். நிறையப் படிக்கிறவன் என்பதால், என் வாயிலிருந்து வருவதெல்லாம் யோசித்து வருவதாக ஊர் நம்பியது. நானும் நம்பினேன்.

ஐம்பதுகளின் கடைசியில், ஈஸ்டருக்கு முந்தின ஒரு தபசு காலம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குசாமி எங்களை உட்காரச் சொன்னார். வேதம் சொல்லித்தந்த உபதேசியார் குடியிருந்த ஓட்டு வீடு காலியாகக் கிடந்தது. அதில் பள்ளி வயது வராத பிள்ளைகளுக்கு ஒரு பாலர் பள்ளி வைக்கலாம், வீட்டுக்கு ஒரு கைப்பிடி தானியம் கொடுத்தால் மத்தியானக் கஞ்சிக்கு ஆகும், வேதக்காரரான நம் பிள்ளை, மற்றவர் பிள்ளை என்று பார்க்க வேண்டாம் என்றார்.

எங்கள் ஊரில் வீடுதான் தறி. தரையில் குழி வெட்டி, அதற்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்வார்கள். தாயும் நெய்வாள், தகப்பனும் நெய்வான். நடக்கப் பழகிய பிள்ளை கிணற்றுப் பக்கமோ சாயத்தொட்டிப் பக்கமோ போய்விடாமல் இருக்க, அதன் இடுப்பில் கயிற்றையோ சேலைக் கிழிசலையோ கட்டி மறுமுனையைத் தறிக்காலில் கட்டிவிடுவார்கள். அதைக் கொடுமை என்று யாரும் நினைத்ததில்லை. பிள்ளைமேல் அக்கறை இருந்ததால்தான் கட்டினார்கள்.

சாமி பேசி முடித்ததும் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் எழுந்தேன்.

"எதுக்குங்க சாமி புதுசா? நம்மூர்ல ஊட்டுக்கு ஒரு வாத்தியார் இருக்கறாருங்களே. கயிறு வாத்தியார். சம்பளங் கேக்க மாட்டாரு, லீவு போட மாட்டாரு, புள்ளைகள அடிக்கவும் மாட்டாரு. என்னையக் காட்டியும் தேவலீங்க."

கோவிலே சிரித்தது. சாமியும் சிரித்தார். பேச்சு அங்கிருந்து சப்பரத்துக்கு வர்ணம் அடிப்பதற்குப் போயிற்று. பாலர் பள்ளியை எதிர்த்து ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிரித்தார்கள், அவ்வளவுதான். அதுவே போதுமானதாக இருந்தது.

பாஸ்கு என்கிற ஈஸ்டர் திருநாள் கழிந்து மூன்றாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பாவடியில் பெரிய வேலை. பாவடி என்பது ஊர்க்கோடித் திடல். நெய்யப்போகும் நூலைப் பாவாக நீள நீட்டி, கஞ்சி தோய்த்து, வெயில் ஏறுமுன் காயவைக்கிற இடம். ஒரு வீட்டுப் பாவு என்றால் தெருவே போய்க் கைகொடுக்கும். அந்தத் தெருவில் நெய்கிற அங்கம்மாளும் போயிருந்தாள். அவள் கணவன் நூல் வாங்கச் சேலம் போயிருந்தான். இரண்டரை வயது மகள் சரசு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளைக் கட்டிவிட்டுத்தான் அங்கம்மாள் போனாள். கவனமான தாய்.

பக்கத்து வீட்டில் பாவுக்குக் கஞ்சி காய்ச்சிய அடுப்பிலிருந்து பொறி பறந்தது. கரும்புத் தோகை வேய்ந்த கூரை, சித்திரைக் காற்று. பாவடியிலிருந்து எல்லாரும் ஓடினார்கள். பள்ளியிலிருந்து நானும் ஓடினேன். கூரையைப் பிரித்துத் தள்ளிவிட்டு உள்ளே போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

தீ சரசுவைத் தொடவில்லை. புகைதான். கயிறு எவ்வளவு தூரம் விட்டதோ அவ்வளவு தூரம் வாசலை நோக்கி வந்து படுத்திருந்தாள்.

அதற்கு மேல் அதைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

அன்று முதல் எனக்குத் தூக்கம் போயிற்று. தூக்கம் போனவன் எவனும் செய்வதைத்தான் நானும் செய்தேன், படித்தேன். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் நான் கோவிலில் எழுந்து நின்ற இடம்தான் வந்தது. வகுப்பில் பிள்ளைகள் சிரித்தால் என் கை கரும்பலகையிலேயே நின்றுவிடும். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் தறிக்காலுக்கும் வாசலுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கண் தானாக அளந்தது. ஆளில்லாத மத்தியான நேரத்தில் கோவிலில் முழந்தாளிட்டிருப்பேன். முதுகுக்குப் பின்னால் சிரிப்பு கேட்கும். திரும்பினால் தூண்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன்.

"நீங்கள் தீ வைக்கவில்லை, வாத்தியாரே" என்றார் சாமி.

"இல்லைங்க சாமி. அணைக்க இருந்த தண்ணியக் கொட்டிவிட்டேன்."

மூன்று ஜெபமாலை அபராதம் கொடுத்தார். பெரிதாகக் கொடுப்பார் என்று பயந்து போயிருந்தேன். சிறிதாகக் கொடுத்ததுதான் அதைவிடப் பயமாக இருந்தது.

இதை மறக்கச் செய்யும், ஆண்டவரே. அதுதான் என் ஜெபம். காலையும் மாலையும் அதையே கேட்டேன். கேட்கக் கேட்க நினைவு தெளிவாகிக்கொண்டே வந்தது.

கடைசியில் சாமியிடம் போய், பாலர் பள்ளியை நானே தொடங்குகிறேன் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஓட்டு வீட்டை ஒரு நூல் வியாபாரிக்குக் கிடங்காகத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்; ஆனி முதல் தேதி சாவி கொடுக்க வேண்டும். "வைகாசி முடிவதற்குள் பத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக் கஞ்சிக்கும் வழி செய்துவிட்டால், வியாபாரியிடம் நான் பேசிக்கொள்கிறேன். இல்லாவிட்டால் சாவி அவருக்குத்தான்" என்றார்.

ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். அப்போதுதான் என் பிழைப்பின் லட்சணம் எனக்குத் தெரிந்தது. நான் வாசலில் நின்றாலே சிரித்தார்கள்.

மூன்றாவது வீடு பாவாயி வீடு. அவள் மகன் தறிக்காலில் கட்டுண்டு ஒரு காலி நூல்கண்டைக் கடித்துக்கொண்டிருந்தான். தீக்குப் பிறகும் கட்டத்தான் செய்தார்கள். வேறு என்ன செய்வார்கள்? முடிச்சை மட்டும் கொஞ்சம் இளக்கமாகப் போட்டார்கள்.

"வாங்க வாத்தியாரே! இந்த வருசம் என்ன நாடகமுங்க? பிச்சக்கார வேசமா?"

"நாடகமில்லம்மா. பாலர் பள்ளிக்குத் தானியம் கேட்டு வந்தேன். உன் பையனையும் அனுப்பு."

"அட, மொகத்த எப்படி வச்சுக்கறாரு பாருங்க!" என்று பக்கத்துத் தறியில் இருந்த தன் மாமியாரிடம் சொன்னாள். அந்த அம்மாளுக்குப் புரையேறிவிட்டது. "அப்பறம் நம்ம கயிறு வாத்தி..." என்று பாவாயி தொடங்கினாள். சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். தறியில் நூலைக் கொண்டு ஓடும் ஓடத்தைக் கீழே வைத்தாள். பிறகு, வேறு குரலில், "வேதக்காரங்க ஊட்டுல உட்டா புள்ளைக்குப் பேர மாத்திப்போடுவீங்களாமா? எங்கூட்டுக்காரரு ஒத்துக்க மாட்டாருங்க" என்றாள்.

பாதி வீடுகளில் சிரிப்பு, மீதி வீடுகளில் இந்தப் பதில். வைகாசியில் பத்து நாள்தான் பாக்கி. பிள்ளை ஒன்றும் சேரவில்லை. சாக்கில் இரண்டு படி ராகி இருந்தது. அதில் ஒரு படி என் மனைவி போட்டது.

அன்று மத்தியானம் கோவிலுக்குள் போய் ஜெபத்தை மாற்றினேன். "ஆண்டவரே, மறக்க வைக்க வேண்டாம். அதைக் கேட்டது போதும். நான் பேசும்போது யாரும் சிரிக்காத ஒரே ஒரு நாளைக் கொடும்." சிரிக்க வைப்பதையே பிழைப்பாக வைத்திருந்த ஒருவன் இதைக் கேட்டது மோட்சத்தில் யாருக்காவது வேடிக்கையாக இருந்திருக்கும்.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளி இல்லை. காலையில் அங்கம்மாள் என் வீட்டு வாசலில் நின்றாள்.

தீ நடந்த நாளிலிருந்து அவள் தெருவை நான் சுற்றிக்கொண்டு போனேன். நியாயம் கேட்கத்தான் வந்திருக்கிறாள், கேட்கட்டும் என்று நினைத்தேன். அவள் கேட்பதற்குள் நானே சொன்னேன். கோவிலில் எழுந்து நின்றதை, சொன்னதை, எல்லாரும் சிரித்ததை, ஒன்று விடாமல்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கதவு நிலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"தெரியுமுங்க. அடுத்த நாளே பாவடியில வந்து சொன்னாங்க. நானுஞ் சிரிச்சேனுங்க."

உள்ளேயிருந்து என் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். அங்கம்மாள் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தாள்.

"சாக்க எடுங்க வாத்தியாரே. போலாம்."

முதலில் பாவாயி வீட்டுக்குத்தான் போனாள். வாசலில் நின்று கூப்பிடவில்லை. நேரே உள்ளே போய்ப் பையன் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்க வாயெடுத்த பாவாயி அவளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

"கயிறு எத்தன மொழமுடி?" என்றாள் அங்கம்மாள்.

"எதுக்கு அக்கா கேக்கற?"

"எங்கூட்டுல நாலு மொழம். வாசலுக்கு ஆறு மொழம்."

தறிச் சத்தம் நின்றது. மாமியார் தறியும் நின்றது. பாவாயி குழியிலிருந்து ஏறி வந்தாள். பையனின் இடுப்பில் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். அவசரத்தில் இழுத்ததில் முடிச்சு இறுகிவிட்டது. பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"அந்தக் கயித்த இந்தச் சாக்குல போடு."

"வேதக்காரங்க ஊடு அக்கா, அது..."

"ஓட்டு ஊடு. நா இருக்கறேன் அங்க. பேரு மாறுனா என்னையக் கேளு."

அப்படித்தான் போனோம். எந்த வீட்டிலும் அவள் தானியம் கேட்கவில்லை. கயிற்றைத்தான் கேட்டாள். நான் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வீட்டில் மட்டும் வீட்டுக்காரன், "செத்த ஊட்டுக்காரி வந்து எங்கூட்டுல கை வெக்கறதா!" என்று கத்தினான். அவள் அடுத்த வீட்டுக்கு நடந்தாள். நான் அவனைப் பார்த்தேன். கோவிலில் எழுந்து நின்ற என்னைவிட அவன் மோசமானவன் என்று எனக்குத் தோன்றவில்லை.

வெயில் தாழ்வதற்குள் சாக்கில் பதினேழு கயிறுகள். தாம்புக்கயிற்றுத் துண்டு, வாழைநார், சேலைக் கிழிசல், மணி கோத்த ஒன்று. கோவில் வாசலில் சாக்கை இறக்கிவைத்து, "கயித்த வெச்சுக் கஞ்சி காய்ச்ச முடியுமா, அங்கம்மா?" என்று கேட்டேன். வேறு நாளாயிருந்தால் அங்கே நின்ற பத்துப் பேரும் சிரித்திருப்பார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த நிமிஷத்தில்தான் முந்தின நாள் கேட்டது என் நினைவுக்கு வந்தது. கோவில் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"புள்ள வந்தாச் சோறு பின்னாலயே வரும், வாத்தியாரே" என்றாள் அவள். "எந்தத் தாயும் வெறும் வயித்தோட உட்டுப்போட்டுப் போகமாட்டா."

அப்படியே ஆயிற்று. திங்கட்கிழமை காலையில் பிள்ளையை இடுப்பிலும் கம்பையோ சோளத்தையோ முந்தானையிலும் கொண்டு பதினான்கு தாய்மார் வந்தார்கள். பங்குசாமி நூல் வியாபாரியிடம் பேசப் போனார். அந்த மனிதர் கோபித்துக்கொண்டு, பிறகு இரண்டு கோரைப்பாயும் ஒரு கஞ்சிப்பானையும் அனுப்பினார். பாவடியில் கூடிப் பேசி, பாவு நீட்டுகிற வீடு அன்றைக்கு ஒரு படி தானியம் பாலர் பள்ளிக்குக் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதற்குப் பாவுப்படி என்று பெயரும் வந்தது. ஊருக்கு வெளியே தோட்டம் வைத்திருக்கிற பண்ணாடி ஒருவர், தனக்குத் தறியும் இல்லை பாவும் இல்லை என்பதால் மனக்குறைப்பட்டு, கரும்பு ஆட்டும் நாளில் வெல்லம் அனுப்புகிறார். எந்தப் பிள்ளைக்கும் பெயர் மாறவில்லை. இது நடந்து ஏழு வருடம் ஆகிறது. பாவுப்படி ஒரு பாவுக்கும் தவறியதில்லை.

நான் சிரிப்பை விட்டுவிட்டேன் என்று எழுதினால் இந்தச் சாட்சி அழகாக இருக்கும். விடவில்லை. திருவிழா நாடகமும் எழுதுகிறேன். ஆனால் ஒரு கூட்டத்தில் எழுந்து பேசுமுன், யாரைப் பற்றிப் பேசுகிறேனோ அவர்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்க்கிறேன். பெரும்பாலும் இருப்பதில்லை. அப்போது நானும் உட்கார்ந்துவிடுகிறேன்.

நான் முதலில் கேட்ட வரம் இன்றுவரை கிடைக்கவில்லை. தினமும் என் பள்ளி மணி அடிக்குமுன் பாலர் பள்ளி ஜன்னலில் நின்று பிள்ளைகளை எண்ணுவேன். முதல் தடவை எண்ணும்போது ஒன்று கூடுதலாக வரும். மறுபடி எண்ணினால் சரியாக இருக்கும். ஏழு வருடமாக இப்படித்தான். பைத்தியம் என்று நினைப்பாளோ என்று பயந்து பயந்து, போன கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வெந்து காலத்தில்தான் அங்கம்மாளிடம் இதைச் சொன்னேன். அவள் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"எனக்குந்தானுங்க. தெனமும் ஒரு கிண்ணம் கூட எடுத்து வெச்சர்றேன்."

"வைத்து?"

"அதுக்கென்னங்க வாத்தியாரே, எதாச்சும் ஒரு புள்ள ரெண்டாந்தரம் கேக்கும்."

சர்வேசுரனுக்குத் தோத்திரம். அன்புள்ள சகோதரரே, சகோதரிகளே, உங்களில் யாராவது ஒன்றை மறக்கவேண்டும் என்று இரவும் பகலும் மன்றாடிக்கொண்டிருந்தால், மன்றாடுங்கள். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் கேட்டது வராமல், நீங்கள் முகம் பார்க்கப் பயப்படுகிற ஓர் ஆளை அவர் உங்கள் வாசலுக்கு அனுப்பினால், கதவைச் சாத்திவிடாதீர்கள். தண்ணீர் கொடுங்கள். எங்கே கூப்பிட்டாலும் கூடப் போங்கள்.