சூரமங்கலத்துச் சிவப்பு வண்டி

இதை எழுதத் தொடங்கும் முன் ஒரு வரம்பை வகுத்துக்கொண்டேன். என் கண்ணால் கண்டவை, என் காதுபட ஒருவர் சொன்னவை, பின்னர் நூலிலோ பதிவுத் தாளிலோ பார்த்து உறுதிசெய்துகொண்டவை ஆகியவற்றை மட்டுமே எழுதுவேன். ஊகம் எதுவும் இதில் இடம்பெறாது. நான் கார் வாங்கி விற்ற செய்தி எங்கள் உறவினரிடையே வேறொரு வடிவில் வழங்கிவருகிறது. அவ்வடிவின்படி எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அதைச் சொல்பவர்களில் பெரும்பாலோர் நான் ஓட்டிய வண்டியில் ஒருமுறைகூட ஏறியதில்லை. அவர்கள் வளர்த்த கதைக்கு எதிராக நானும் ஒரு கதையை வளர்த்து நிறுத்தினால், இரண்டில் எது உரத்துச் சொல்லப்படுகிறதோ அதுவே நிற்கும். உரத்துப் பேசுவதில் நான் அவர்களை வெல்ல முடியாது.

நான் அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தேன். வீடு ஆட்டையாம்பட்டியில். பணி ஓய்வுக்குச் சில ஆண்டுகளே எஞ்சியிருந்தபோது மேச்சேரிப் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு மாற்றல் வந்தது. பேருந்து மாறிப் பேருந்து ஏறிப் போனால் முதல் பாடவேளை தப்பிவிடும். அங்கேயே அறை எடுத்துத் தங்கி, வார இறுதியில் மட்டும் வீட்டுக்கு வரலாம். அல்லது கார் வாங்கி நானே ஓட்டிப் போய் வரலாம். என் கணவர் வண்டி ஓட்டுவதில்லை. நான் சேலத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, ஐம்பதைக் கடந்த வயதில் முதல் முயற்சியிலேயே உரிமம் பெற்றேன். அந்த உரிமம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

தேவைக்கு எத்தனையோ வண்டிகள் கிடைத்தன. ஆனால் எனக்குக் குறிப்பிட்ட ஒன்றின்மேல்தான் நெடுநாள் விருப்பம். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் வந்த சிறிய வண்டி அது. பார்வைக்கு எல்லோரும் வாங்கிய குடும்ப வண்டியின் உருவந்தான். அதே ஓட்டுக்குள் பெரிய எஞ்சினைப் பொருத்தி, உயரத்தைச் சற்றுத் தாழ்த்தி, ஓட்டுவதில் மகிழ்ச்சி காண்பவர்களுக்கென்றே செய்திருந்தார்கள். அப்போது அது என் ஊதியத்துக்கு எட்டாத பொருள். எட்டியவர்களும், லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று கேட்டுவிட்டு வேறு வண்டி வாங்கினார்கள். ஆண்டுகள் கடந்தபின், பதிவு புதுப்பிக்கப்பட்ட நிலையில், ஒரு புதிய மோட்டார் சைக்கிளின் விலைக்கே அது கிடைக்கும் காலம் வந்தது. வேறு இரண்டையும் பார்க்காமலில்லை. ஒன்று உயரமான பெட்டி. அதில் உட்கார்ந்தால் ரேஷன் கடை வரிசையில் நிற்பதுபோல் இருந்தது. மற்றொன்று டீசல் வண்டி. நின்ற இடத்திலேயே நடுங்கியது.

நான் விரும்பிய வண்டி சூரமங்கலத்தில் இருந்தது. ரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் புதிதாக வாங்கி, தாமே ஓட்டியது. சிவப்பு நிறம். குடியிருப்பில் கொட்டகை இல்லாததால் வெயிலிலேயே நின்று, முன்மூடியும் கூரையும் வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தன. ஆனால் நான்கு கதவுகளும் ஒரே ஓசையோடு மூடின. ரயில் நிலையச் சாலையின் நெரிசலைக் கடந்து புறவழிச் சாலைக்கு ஓட்டிச் சென்றேன். மூன்றாம் கியரில் மிதித்தபோது வண்டி ஒரு கணமும் தயங்கவில்லை. வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பிய அளவுக்கு, கூடாமலும் குறையாமலும், திரும்பியது. நேர்ச்சாலையில் கையை இலேசாகத் தளர்த்திப் பார்த்தேன். அது தன்போக்கில் நேராகவே சென்றது. என் வாழ்க்கையில் நான் சொன்னதைச் சொன்னபடி கேட்ட பொருள்கள் குறைவு. அண்ணனை அழைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருவதாக அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

அண்ணன் வந்து பார்க்காமல் எங்கள் பக்கத்தில் ஒரு பெண் வண்டி வாங்குவதில்லை. அது எழுதப்படாத முறை. என் அண்ணன் நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். நிறுவனத்திலிருந்து எஞ்சினோடு கூடிய அடிச்சட்டமான சேஸிஸ் மட்டுந்தான் வரும். அதன்மேல் மரமும் தகடும் கொண்டு பாடி கட்டுவது இவர்கள் வேலை. பாடி பழுதானால் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டிவிடுவார்கள். ஆகவே புதுப் பாடி என்றால் பேணப்பட்ட வண்டி என்று பொருள். பழைய பாடி என்றால் உரிமையாளர் கைவிட்ட வண்டி. அண்ணன் நாற்பதாண்டுகள் இந்தக் கணக்கில் தவறாமல் வாழ்ந்தவர்.

ஞாயிற்றுக்கிழமை அவர் சிவப்பு வண்டியின் அடியில் சாக்கு விரித்துப் படுத்து, சிறு சுத்தியலால் ஆங்காங்கே தட்டிக் கேட்டார். எழுந்து வந்து முன்மூடியை நகத்தால் சுரண்டினார்.

"சேஸிஸ் பரவால்ல. பாடி செத்துப் போச்சு அம்மிணி. பெயிண்டப் பாரு, சொறி புடிச்ச ஆடாட்டம் இருக்குது."

"ஓடறது நல்லா இருக்குதுங்ணா. நீங்க ஒருக்கா ஓட்டிப் பாருங்க."

"ஓட்டறதுக்கு என்ன, எல்லா வண்டியுந்தான் ஓடும்."

ரயில்வேக்காரர் மெதுவாகக் குறுக்கிட்டு, வண்டி வெயிலில் நின்றதே தவிர எங்கும் இடித்ததில்லை என்றார். அண்ணன் சிரித்தார். "இடிச்சிருந்தாலாச்சும் பாடிய மாத்தியிருப்பீங்கல்லொ." என் கணவரும் சேர்ந்து சிரித்தார். நானும் சிரித்தேனா என்பது நினைவில்லை, ஆகையால் எழுதவில்லை.

அன்று பிற்பகலே அண்ணன் எங்களைத் திருச்செங்கோட்டுச் சாலையில் தமக்குப் பழக்கமான தரகர் ஒருவரின் வண்டிக் களத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே அதே வகை வண்டி வெள்ளி நிறத்தில் கண்ணாடிபோல் நின்றது. பெயிண்ட் மணம் இன்னும் போகவில்லை. கதவு ரப்பரின் விளிம்பிலும் சிறிது பெயிண்ட் படிந்திருந்தது. தரகர் எதையும் மறைக்கவில்லை. முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை முழுக்கத் தகடு நிமிர்த்தும் டிங்கர் வேலை பார்த்துப் பெயிண்ட் அடித்தது என்பதையே வண்டியின் சிறப்பாகச் சொன்னார். அண்ணன் மறுபடி அடியில் படுத்துத் தட்டினார். அந்த ஓசையும் அவருக்கு நிறைவளித்தது. களத்துக்குள் ஒரு சுற்று மட்டும் ஓட்டினேன். அங்கே நேர்ச்சாலை இல்லை.

எனக்குச் சிவப்பு வண்டிதான் வேண்டும் என்று தரகர் முன்னிலையிலேயே சொன்னேன். அண்ணன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"உனக்குப் புடிச்சா அதையே எடு சாமி. ஆனா நான் பாத்துச் சொன்னதுக்கு மேல எடுக்கறதுன்னா, என்னைய எதுக்குக் கூப்புட்ட?"

அழைத்த பிறகு மீறினால் அது அண்ணனைப் பலர் முன் தள்ளிவிடுவதாகும். என் கணவர் என்னைப் பார்த்து, "அண்ணன் சொன்னாச் சரிதான்" என்றார். விலையில் பெரிய வேறுபாடில்லை. அந்தச் சாக்கும் எனக்குக் கிடைக்கவில்லை. வெள்ளி வண்டியை எடுத்தோம். மாலையில் சூரமங்கலத்துக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னேன். "சரிங்கம்மா" என்று அவர் வைத்துவிட்டார்.

வெள்ளி வண்டி ஓடும்போது இடப்பக்கம் இழுத்தது. ஓமலூர் கடந்தபின் வரும் நேர்ச்சாலையில் ஸ்டீயரிங்கை எப்போதும் சற்று வலப்பக்கம் பிடித்திருக்க வேண்டும். பள்ளிக்குப் போய்ச் சேரும்போது வலத்தோள் கடுக்கும். பின் சக்கரம் ஒன்றின் டயர், உள் விளிம்பில் மட்டும் தேய்ந்து நூல் தெரிந்தது. சேலத்தில் சக்கரங்களின் நேரொழுங்கைத் திரையில் காட்டும் கடையில் இருமுறை விட்டேன். பின் சக்கரத்தின் அளவு வரவேண்டிய எல்லைக்குள் வரவில்லை என்று இருமுறையும் பில்லிலேயே எழுதிக் கொடுத்தார்கள். அண்ணனிடம் சொன்னேன். நான் ஸ்டீயரிங்கைப் பயந்து கட்டிப் பிடிப்பதாகவும், பழகப் பழகச் சரியாகும் என்றும் சொன்னார். நான் பழகினேன். வண்டி பழகவில்லை.

சிறிய கார்களுக்கு லாரியைப்போல் தனிச் சேஸிஸ் கிடையாது. தகடுகளைப் பற்றவைத்துச் செய்த உடலே அதன் எலும்பு. அடிபட்டு நெளிந்ததை நிமிர்த்திப் பெயிண்ட் அடித்தால் தோல் புதிதாகுமே தவிர எலும்பு கோணலாகவே இருக்கக்கூடும். இதைப் பிற்பாடு இரண்டு நூல்களில் படித்து உறுதிசெய்துகொண்டேன்.

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை, பள்ளி மைதானத்தின் செம்மண்ணில் வாயிலிலிருந்து கொடிக்கம்பம்வரை நேராக ஓட்டிச் சென்று நிறுத்தினேன். இறங்கித் திரும்பிப் பார்த்தபோது பின்னால் நான்கு தடங்கள் இருந்தன. நேராகச் செல்லும் வண்டியின் பின் சக்கரங்கள் முன் சக்கரங்களின் தடத்திலேயே வரும்; இரண்டு தடங்களே விழும். தலைமையாசிரியரின் கார் எனக்குமுன் அதே வழியில் வந்திருந்தது. அதற்கு இரண்டு தடங்கள்தாம். என் வண்டி உடலை ஒருக்களித்து நண்டைப்போல் நடந்துவந்திருக்கிறது. மழைநீர் தேங்கிய அந்தக் கோடுகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். என்மேல் பிழையில்லை என்பதற்கு மண்ணில் எழுதிய சான்று அது.

அண்ணனை வரச் சொன்னேன். மேட்டூருக்கு ஒரு வேலையாகப் போகும் வழியில், இரண்டு நாள் கழித்து வந்தார். அதற்குள் மண் இறுகியிருந்தது; தடங்கள் அழியவில்லை. குனிந்து ஒரு தடத்தில் விரலை வைத்து, அதன் போக்கிலேயே கொஞ்ச தூரம் நடந்தார். தலைமையாசிரியரின் தடங்களைக் காட்டினேன். அவற்றையும் பார்த்தார்.

"எளக்கமான மண்ணு அம்மிணி" என்றார் முடிவில். பிறகு, "குடுத்தரலாம். சாவியக் குடு."

"வாங்கறவங்ககிட்டச் சொல்லுவீங்களாங்ணா?"

"கேட்டாச் சொல்லுவாங்க."

"நீங்க கேட்டீங்களா?"

அவர் பள்ளிக் குழாயில் கையைக் கழுவிக்கொண்டு வண்டியை ஓட்டிச் சென்றார். அதே களத்தின் வழியாக அது விற்றுப்போயிற்று. நான் சூரமங்கலத்துக்குச் சென்று பார்த்தேன். சிவப்பு வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க்கறைகூட இல்லை. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் எடுத்துச் சென்றதாக ரயில்வேக்காரர் சொன்னார். அவர் என்மேல் வருத்தம் காட்டாததுதான் வருத்தமாக இருந்தது.

மறு தை மாதத்தில் உறவினர் வீட்டுக் காதுகுத்தில் எதிர்ப்பந்தியில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். நான் மறுபடியும் கார் வாங்கப்போகிறேனா என்று யாரோ கேட்டார்கள். பதிலை அவரே சொன்னார். "வேண்டாமுங்க. எங்க அம்மிணி ஓட்டுனா ஒரு வண்டிக்கு நாலு தடம் உழுகும்." பந்தி முழுக்கச் சிரித்தது. அந்தத் தடத்தை விரலால் தொட்டுப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து பேசியிருந்தால் பேச்சு வண்டியைப் பற்றியதாக இருந்திருக்காது. ஆகவே சாப்பிட்டு முடித்தேன்.

பணி ஓய்வு பெறும்வரை மேச்சேரியில் ஓர் அறையில் தங்கினேன். வீடு எனக்கு வாரத்துக்கு ஒருமுறை போய்வரும் இடமாயிற்று. மறுபடியும் ஒரு வண்டி பார்க்கலாம் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. தனியே போய்ப் பார்க்கும் துணிவு, அது வேண்டியிருந்த நாளில் என்னிடம் இருந்தது, பிறகு இல்லை.

என்னிடம் வரும் முன் வெள்ளி வண்டி எங்கே, எப்படி அடிபட்டது என்பது எனக்குத் தெரியாது. அப்போது அதற்குள் யார் இருந்தார்கள் என்பதும் தெரியாது. என்னிடமிருந்து போன பிறகு அதை வாங்கியவர் யார், அவர் கேட்டாரா, கேட்டிருந்தால் அவரிடம் சொன்னார்களா என்பவை தெரியவில்லை. மைதானத்தில் விரல் வைத்த அன்றுதான் அண்ணன் அந்தக் கோணலை அறிந்தாரா, களத்தில் சுத்தியலால் தட்டிய அன்றே அறிந்தாரா என்பதையும் நான் அறியேன். அவரிடம் இதுவரை கேட்கவில்லை.