பெண்கள் மாடியில் சபாபதி

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் நின்ற பழைய மாணவர் சங்கக் கட்டடத்தின்மேல் சபாபதிக்கு இருந்த பிரியம் கொஞ்சம் கிறுக்குத்தான். பள்ளி முடித்த வாலிபர்கள் 1908இல் பலகையாலும் தகரத்தாலும் எழுப்பியது அது. அங்கேதான் அவர் நாக்குக் குழறி முதல் பேச்சைப் பேசினார். அங்கேதான் மீசையை மழித்துக்கொண்டு ராணி வேஷம் கட்டினார். அந்த வேஷத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல் திணறிய பெண்ணைத்தான் பிறகு கல்யாணம் செய்துகொண்டார். அவள் பெயர் இராஜம்மா. ரயில்வே ஆபீசில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளினாரே தவிர, அவர் வாழ்ந்ததெல்லாம் சங்கத்தில்தான்.

ஆகவே, சங்கத் தலைவர் அய்யாவு இதை இடித்துவிட்டுச் செங்கல் கட்டடம் கட்டலாம் என்றபோது சபாபதி ஒத்துக்கொள்ளவில்லை. இடிக்க ஆள் வந்த அன்று, மாடியைத் தாங்கும் நடுத்தூணின் அடியில் முழங்கால் உயரத்துக்குக் கிளம்பியிருந்த புற்றைக் காட்டினார்.

"அம்மா குடியிருக்கிற இடம். தைரியமுள்ளவன் கடப்பாரையை வைங்க பாப்போம்."

ஒருவனும் வைக்கவில்லை. அவர் ஒன்றும் பெரிய பக்திமான் இல்லை. கட்டடம் பிழைக்க வேண்டும், வாயில் வந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

பெண்கள் விடுவார்களா? வெள்ளிக்கிழமைதோறும் பால் ஊற்றி மஞ்சள் பூசினார்கள். பிள்ளையில்லாத இராஜம்மாவும் ஊற்றினாள். அடுத்த வருஷம் சந்திரகலா பிறந்தாள். அதன்பின் சபாபதி எந்த முகத்தோடு வாய் திறப்பார்? புற்று இடுப்பளவு வளர்ந்தது. தனியாக உட்கார்ந்து பத்திரிகை படிக்கையில் பலகைக்குள் ஏதோ சரசரக்கும். உடனே அவர் உரக்கப் படிக்க ஆரம்பித்துவிடுவார்.

1934ஆம் வருஷம் ஆண்டுவிழா ஒரு ஞாயிறு பிற்பகலில் நடந்தது. நாடகம் பார்க்கக் கிள்ளானிலிருந்துகூட ரயிலேறி வந்திருந்தார்கள். கீழே ஆண்கள், மாடியில் பெண்கள். மாடிப் படியில் எந்த ஆண்பிள்ளையும் விழா நேரத்தில் கால் வைத்ததில்லை. அவிழ்ந்த தோரணத்தைக் கட்ட நடுத்தூணில் ஆணி அடிக்கப் போனார் சபாபதி. சுத்தியலே தேவைப்படவில்லை. விரலால் அழுத்தினார். பெயின்ட் உடைந்து விரல் உள்ளே போயிற்று. உள்ளே மரம் இல்லை, மண்தான் இருந்தது. தலைக்கு மேலே பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

அய்யாவுவிடம் ஓடினார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், விழாவைக் கெடுக்காதே என்றார் அவர். சபாபதி படியடியில் நின்று மனைவியைக் கூப்பிட்டார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவளிடம், அது வெறும் கறையான் புற்று, தூணை அரித்துவிட்டது, நான் அன்று சொன்னது பொய், வெளியே போய்விடு என்று கெஞ்சினார்.

இராஜம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இந்தப் புள்ளையக் குடுத்தவ நம்மள விழ விட்டுருவாளா?" என்று கேட்டுவிட்டு மேலே போய்விட்டாள்.

கத்தினால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடுவார்கள். அந்த ஓட்டத்தைத் தூண் தாங்காது.  சபாபதி படியேறிப் போய், பெண்களுக்கு நடுவே பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். குடித்திருக்கிறார் என்றாள் ஒருத்தி. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, திட்டியபடி, ஒவ்வொருவராக இறங்கி முற்றத்துக்குப் போனார்கள். என்ன ஏதென்று கேட்ட ஆண்களும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே வெளியேறி, அவர் வரட்டும் என்று காத்து நின்றார்கள்.

கடைசியாக எழுந்தவள் இராஜம்மா. குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"ஒங்களுக்கு வாழ்க்கைப்பட்டதுக்கு நான் செத்திருக்கலாம்."

 அவள் வாசலைத் தாண்டும் வரை அவர் அசையவில்லை. பிறகு எழுந்து, சுவரோரமாகப் படியை நோக்கி நடந்தார். அப்போதுதான் தகரம் சரியும் சத்தம் முற்றத்தில் கேட்டது.

அவரை அடிக்கக் காத்திருந்தவர்களே பலகைகளைப் புரட்டி அவரை வெளியே எடுத்தார்கள். உயிர் இல்லை. இராஜம்மா வந்தவர் போனவர் எல்லாரிடமும் ஒன்றையே கேட்டாள். பல வருஷம் கேட்டாள்.

"நான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்காதுல்ல?"