குண்டு பொம்மையும் ஒரு தபால் கார்டும்

போன பங்குனியில் இரண்டு நாள் லீவு போட்டு, மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குத் தனியாகப் போய் வந்தேன். கோயிலுக்காகவோ கிரிவலத்துக்காகவோ போகவில்லை. ஒருத்தியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். வழி, நேரம், செலவு எல்லாம் எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றது என் புலம்பல்.

பத்மாவை எனக்குத் தெரிந்தது 1989இல். ஒரு வாரப் பத்திரிகையின் பேனா நண்பர் பகுதியில் அவள் பெயருக்குக் கீழே, ‘பொழுதுபோக்கு: துணிப் பொம்மை செய்தல்’ என்று போட்டிருந்தது. நான் சின்ன வயதிலிருந்தே பொம்மை சேர்ப்பவள். உடனே கடிதம் போட்டேன். அவள் ஊர் அடி அண்ணாமலை, கிரிவலப் பாதையில் உள்ள கிராமம். வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைப்பாள். மிச்சமாகும் வெட்டுத் துணியில் பொம்மை செய்வாள்.

என் கடிதத்தில் யாரைப் பற்றி எழுதினாலும், இரண்டு மாதத்தில் அந்த ஆளே பொம்மையாக வந்து இறங்கிவிடுவார். எங்கள் ஆபீஸ் மேனேஜர், தெருவில் மீன் விற்கும் அம்மா, சில்லறை இல்லை என்று சிடுசிடுக்கும் கண்டக்டர், எல்லாரும் ஒரு சாண் உயரத்தில் வந்தார்கள். உள்ளே இலவம் பஞ்சு, தலைக்குக் கறுப்பு உல்லன் நூல். கண்ணை மட்டும் மையால் வரைய மாட்டாள், நூலால்தான் தைப்பாள். பார்சலையும் வெள்ளைத் துணி சுற்றித் தைத்து அனுப்புவாள். பிரிக்க மனசே வராது. பத்து வருடத்தில் இருபத்து மூன்று பொம்மைகள். கடைசியாக வந்தது நான். நான் எப்படி இருப்பேன் என்று கேட்டிருந்தாள், ‘கொஞ்சம் பூசினாற்போல் இருப்பேன்’ என்று எழுதியிருந்தேன். பூசணிக்காய்க்குப் புடவை கட்டின மாதிரி ஒன்று வந்தது. எனக்கு அதைத்தான் ரொம்பப் பிடித்தது.

பிறகு 1999. வேலூரில் ஒரு கல்யாணம். திரும்பி வரும் வழியில் ஏழரை மணிக்கு உன் வீட்டுக்கு வருகிறேன், ராத்திரி சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவேன் என்று உரிமையோடு எழுதினேன். பதிலுக்கு ஒரு கார்டு வந்தது. ‘ராத்திரிச் சாப்பாடு எங்கள் வீட்டில் கிடையாது. பகலில் வந்தால் சாப்பிடலாம். அன்புடன் பத்மா.’ அவ்வளவுதான். பத்து வருடம் பழகியவளுக்கு ஒரு வேளைச் சோறு போட முடியாதா என்று எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. நான் என்ன ஜாதியோ என்று யோசிக்கிறாள், வெளிச்சத்தில் பார்த்துவிட்டு அப்புறம் இலை போடலாம் என்று நினைக்கிறாள் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். அதோடு எழுதுவதை விட்டுவிட்டேன். அதன் பிறகும் அவளிடமிருந்து நான்கு கடிதங்கள் வந்தன. ஒன்றுக்கும் பதில் போடவில்லை.

போன தையில் எங்கள் ஆபீஸுக்கு வந்தவாசிப் பக்கத்துக்காரர் ஒருவர் மாற்றலாகி வந்தார். ஒரு நாள் சாயங்காலம் ஆறே முக்காலுக்கு எல்லாருக்கும் வடை வாங்கினோம். அவர் மட்டும் எடுக்கவில்லை.

“வேணாங்க. பொழுது சாஞ்சா நாங்க சாப்பிட மாட்டோம். ஜைனருங்க நாங்க.”

“நீங்க சேட்டா?” என்று கேட்டுவைத்தேன்.

“இல்லீங்க, தமிழ்தான். எங்க பக்கம் நைனாருன்னு சொல்லுவாங்க. விளக்கு வெச்சிட்டா அடுப்பு கிடையாது.”

கையில் இருந்த வடையை அப்படியே வைத்துவிட்டேன். வீட்டுக்குப் போய்ப் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட மேலே பிள்ளையார் சுழி இல்லை. பத்து வருடம் படித்த நான் அதைக் கவனிக்கவே இல்லை. அன்றைக்கே எழுதினேன். வரலாமா என்று மட்டும்தான் கேட்டேன், காரணம் எழுதக் கை வரவில்லை. ஒரு வாரத்தில் பதில் வந்தது. ‘வா. பொழுதோடு வா. சேர்ந்து சாப்பிடலாம்.’ லீவு கிடைத்ததும், வருகிற தேதியை ஒரு கார்டில் எழுதிப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

இனிப் பயணம். காலை ஐந்தரைக்கு மதுரையில் பஸ். எட்டரைக்குத் திருச்சி, டிக்கெட் 45 ரூபாய். அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு விழுப்புரம் பஸ், 58 ரூபாய். ஒரு மணிக்கு இறங்கினேன். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை அறுபத்திரண்டு கிலோமீட்டர், 22 ரூபாய், இரண்டு மணி நேரம் என்றார்கள். மூன்றரைக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். ஆனால் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் திருவிழாக் கூட்டம் நின்றது. மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு நான்காவதில் நின்றுகொண்டே போனேன்.

“இன்னாம்மா, பௌர்ணமின்னு தெரியாமயா வந்தீங்க?” என்றார் கண்டக்டர்.

தெரியாமல்தான் வந்தேன். லீவு கிடைக்குமா என்று பார்த்தேனே தவிர, காலண்டரைப் பார்க்கவில்லை. திருவண்ணாமலைக்குப் போகிறவள் செய்கிற வேலையா இது?

பௌர்ணமியன்று பஸ்ஸை ஊருக்குள் விட மாட்டார்கள். வெளியே தற்காலிக பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுகிறார்கள். இறங்கும்போது மணி நாலே முக்கால். ஆட்டோவில் முப்பது ரூபாய் கொடுத்துப் பெரிய கோபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருந்த தடுப்பு வரை வந்தேன். மணி ஐந்தேகால்.

“அடி அண்ணாமலைக்கு வண்டி போவாதுங்க. எவ்ளோ ஜாஸ்தி குடுத்தாலும் போவாது. நடந்துடுங்க, எட்டு கிலோமீட்டர்தான்” என்றார் ஆட்டோக்காரர்.

எதிர்ப் பக்கமாகப் போனால் தூரம் கொஞ்சம் கம்மி என்றும் சொன்னார். அந்த ஜனத்தை எதிர்த்து நடப்பதற்கு நான் இன்னொரு பிறவி எடுக்க வேண்டும். தோளில் பையோடு, பக்தி கொஞ்சமும் இல்லாமல், பல்லாயிரம் பேரோடு நானும் கிரிவலம் கிளம்பினேன். எல்லாரும் மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நடந்தார்கள். நான் சூரியனைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். அது இறங்க இறங்க நடையை எட்டிப் போட்டேன். அவளிடம் ஃபோன் நம்பர் கேட்கக்கூடத் தோன்றவில்லை. எங்களுக்குள் எல்லாமே கடிதம்தானே.

விசாரித்து விசாரித்து அவள் வீட்டு வாசலுக்குப் போனபோது ஏழு பத்து. வாசலில் பெஞ்சு போட்டு, கிரிவலம் வருகிறவர்களுக்காகப் பொம்மைகளை அடுக்கி வைத்திருந்தாள். கழுத்தில் இஞ்ச் டேப், மூக்கில் கண்ணாடி, ஒல்லியான உருவம். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

“செல்விதானே? பௌர்ணமி அன்னிக்கா வருவ? கால் இன்னாத்துக்கு ஆவும்!”

உள்ளே இரண்டு தட்டு மூடி வைத்திருந்தது. சோறு, ரசம், புடலங்காய்க் கூட்டு. எல்லாம் ஆறியிருந்தது. கணவர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் வீட்டில் அவள் மட்டும்தான். மத்தியானம் முதல் அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. இனி மறுநாள் காலையில்தான் சாப்பிடுவாள்.

“அப்ப எனக்கும் வேணாம்” என்றேன்.

“வீம்பு பண்ணாத. அவ்ளோ தூரம் நடந்தவ நீ. உனக்கின்னா விரதம்? எங்களுக்குப் பழக்கம், ஒண்ணும் ஆவாது. உக்காரு.”

சாப்பிட்டேன். அவள் எதிரே உட்கார்ந்து பரிமாறினாள். ரசத்தில் என் கண்ணீரும் சேர்ந்துதான் போயிற்று. அதைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

“அந்தப் பொம்மையைக் குண்டா செஞ்சதுக்குத்தானே கோவம் உனக்கு? வெளாட்டுக்குப் பண்ணேன். மனசுல வெச்சிக்காத.”

ஏழு வருடமாக அவள் அப்படி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தக் கார்டு அவள் நினைவிலேயே இல்லை. எனக்கு எவ்வளவு வசதியான காரணம்! வெட்கத்தோடு சொல்கிறேன், “அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்று சிரித்து மழுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு இரண்டு பேரும் சேர்ந்து இட்லி சாப்பிட்டோம். பசியில் அவள் ஆறு சாப்பிட்டாள், நானும் சளைக்கவில்லை. வெளிச்சத்தில் பெஞ்சில் இருந்த பொம்மைகளைப் பார்த்தேன். பூ விற்பவள், போலீஸ்காரர், சாமியார், பள்ளிக்கூடப் பெண் என்று வேலைப்பாடு முன்னைவிட அருமை. விலை முப்பதிலிருந்து அறுபது ரூபாய். ஆனால் எல்லாமே ஒட்டடைக் குச்சிகள். ஏன் என்று கேட்டேன்.

“அன்னையிலருந்து குண்டு பொம்மையே செய்யறதில்ல. யார் மனசு எப்டின்னு யாருக்குத் தெரியும்” என்றாள்.

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. கார்டு வந்தது, நான் நினைத்தது, பதில் போடாமல் விட்டது, வெளிச்சத்தில் ஆள் பார்த்து இலை போடுகிறவள் என்று அவளை முடிவு கட்டியது, ஒன்று விடாமல் சொன்னேன். அவள் எழுந்து போய் மிஷினில் உட்கார்ந்தாள். ஒரு ரவிக்கையின் இரண்டு கையும் தைத்து முடித்தாள். நான் கூடத்திலேயே நின்றேன். கால் வலித்தது, உட்காரத் தோன்றவில்லை.

“எங்க ஊர்ல நைனாரு வீடுன்னா எல்லாருக்கும் தெரியும். உனக்கும் தெரியும்னு நெனச்சிட்டேன். அது என் தப்பு” என்றாள் கடைசியில். “ஆனா நான் ஆள் பாத்து சோறு போடறவன்னு நெனச்ச பாரு. ஒரு கார்டு போட்டுக் கேட்டிருந்தா ஆவாதா?”

ஆகியிருக்கும். மன்னிச்சிடு என்று மட்டும் சொன்னேன். சரி, சரி என்றாள். ஆனால் அவள் முகம் தெளியவில்லை.

பஸ் ஏறும் முன் நடந்ததைச் சொல்வதற்குள், போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிரிவலம் நோக்கமில்லை என்றால் பௌர்ணமியைத் தவிருங்கள். மற்ற நாளில் பஸ் ஸ்டாண்டிலிருந்து அடி அண்ணாமலைக்கு ஆட்டோ அறுபது ரூபாய், அரை மணி நேரம்கூட ஆகாது. வெயிலுக்குத் தொப்பியும் தண்ணீரும் அவசியம். கைவேலைப் பொம்மை வாங்குகிறவர்கள் கண்ணைப் பாருங்கள், நூலில் தைத்ததா மையில் வரைந்ததா என்று. மை துவைத்தால் போய்விடும். நைனார் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனால் ஐந்து மணிக்குள் போய்விடுங்கள். உங்களுக்காகப் பட்டினி கிடப்பார்கள், வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். யாராவது எழுதிய ஒரு வரி உங்களைக் குத்தினால் எழுதிக் கேளுங்கள். கார்டு ஐம்பது காசுதான். நான் கேட்காமல் போக்கியது ஏழு வருடம்.

பத்தரை மணிக்குப் பஸ் ஸ்டாண்ட் வரை கூடவே வந்தாள். விழுப்புரம் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. படியில் கால் வைக்கப் போனவளை, “இரு” என்று நிறுத்தினாள். கழுத்திலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து, அத்தனை ஜனத்துக்கு நடுவில் என் இடுப்பைச் சுற்றிப் போட்டாள்.

“என்னத்தா பண்ற? எல்லாரும் பாக்குறாங்க!”

“பாக்கட்டும். பூசினாப்பலன்னு எழுதின. எவ்ளோன்னு எழுதல. இந்தத் தடவை ஊகமெல்லாம் வேணாம், அளவெடுத்தே செய்யறேன்.”

டேப்பைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி படித்தாள்.

“நாப்பத்தி நாலு.”

நான் மூச்சை இழுத்து வயிற்றை எக்கவில்லை.