மேடையில் நின்ற அக்காவிடம் ஒரு கேள்வி

இரண்டாயிரங்களின் நடுவில், ஒரு கார்த்திகை மாதம். திருத்தங்கலில் ஒரு கல்யாண மண்டபத்தில் புது சத்து மாத்திரை அறிமுகக் கூட்டம் என்று கேள்விப்பட்டு, விருதுநகரிலிருந்து பஸ் ஏறிப் போனேன். என் மாமியாருக்குத் தீராத முட்டுவலி.

டை கட்டிய ஒருவர் மைக்கில் பேசினார். முழுக்க ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய மாத்திரையாம். பக்கவிளைவு துளியும் கிடையாதாம். பிறகு, இதைச் சாப்பிட்டு முட்டுவலி போனவர் என்று, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஓர் அக்காவை மேடையேற்றினார். அவர் சட்டென்று தரையில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்து காட்டினார். மண்டபமே கைதட்டியது. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. மாத்திரை வாங்க முதல் ஆளாய் முண்டியடித்துப் போனேன்.

வாங்குவதற்கு முன், மாமியாரிடம் விவரம் சொல்ல வேண்டுமே என்று அந்த அக்காவைக் கேட்டேன்: "எப்பயிருந்துக்கா சாப்பிடுறீக?"

"தீவாளி கழிச்சுத்தான் தாயி. கம்பெனி இன்னும் தொறக்கல, வீட்டுலதான் இருக்கேன்."

"சீசன்ல?"

"நாளெல்லாம் தரையில சம்மணம் போட்டு வேலை."

எனக்குப் பொறி தட்டியது. வலி போனது மாத்திரையாலா, ஓய்வாலா? படபடப்போடு டைக்காரரிடம் உரக்கவே கேட்டுவிட்டேன்: "மாத்திரை சாப்பிடாம ஓய்வுல இருக்கவுகளையும் பாத்தீகளா? எம்புட்டுப் பேருக்குக் குடுத்துச் சோதிச்சீக?"

"இந்தம்மாவே சாட்சிதான மேடம்?" என்று சிரித்தார்.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார். "நானும் பட்டாசு வேலைதான். எனக்கும் இப்ப வலி கொறஞ்சிருக்கு. நான் ஒண்ணும் திங்கலையே!"

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. ஜெயித்துவிட்டது போல எனக்குத் துள்ளல். அப்போதுதான் மேடையில் நின்ற அக்கா என் கையைப் பிடித்தார்.

"இதச் சாப்பிட்டா பிரஷர் மாத்திரை வேண்டாம்னாக தாயி. நிறுத்திட்டேன். ரெண்டு நாளா தல கிறுகிறுங்குது."

திக்கென்றது. அப்படியே ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் கூட்டிப் போனேன். ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. "நல்லவேளை, இன்னைக்கே வந்தீங்க" என்றார் டாக்டர். பழைய பிரஷர் மாத்திரையைத் திரும்பக் கொடுத்துவிட்டு, அழுத்தம் இறங்கும்வரை அங்கேயே படுக்கவைத்தார்.

நாங்கள் கிளம்பிய பிறகும் சிலர் மாத்திரை வாங்கினார்களாம். எனக்கு அதில் வியப்பில்லை. நானும் வாங்க இருந்தவள்தானே. அந்த அக்கா ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, வலி நிஜமாகவே போயிருந்தது. மனதார உண்மை சொல்பவரிடமும் இன்னொரு கேள்வி கேட்கலாம், அது அவரையே காப்பாற்றக்கூடும் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.