கடைசி விசிலுக்குப் பிறகு

துபாய் கராமாவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் என் அலுவலகம். காலையில் கணவர் மெட்ரோவுக்குக் கிளம்பியதும் தட்டுகளை எடுத்துவிட்டு மடிக்கணினியைத் திறப்பேன். திரையில் பள்ளிப் பிள்ளைகள் கால்பந்து ஆடுவார்கள். துபாயிலும் ஷார்ஜாவிலும் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறவர்கள். அமெரிக்காவில் ஏதாவது ஒரு கல்லூரி அணியில் உதவித்தொகையோடு இடம் கிடைக்குமா என்று காத்திருப்பவர்கள். பெற்றோர் எடுத்து அனுப்பும் ஆட்டப் பதிவுகளைப் பார்த்து, அந்தப் பிள்ளையின் பலம் என்ன, குறை என்ன என்று ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவது என் வேலை. இங்கே தேராவில் இயங்கும் ஒரு சிறு நிறுவனம் அதை அமெரிக்கப் பயிற்சியாளர்களுக்கு அனுப்பிவைக்கும். அவர்கள் இவ்வளவு தூரம் வந்து பார்ப்பதில்லை. நான் கண்டதுதான் அவர்கள் கண்டது.

கல்லூரி நாட்களில் திண்டுக்கல்லில் நானும் நடுக்களத்தில் ஆடியவள். ஆனால் நிறுவனத்தில் எனக்கு மதிப்பு வந்தது அதனால் அல்ல. நிறைய வாசிப்பவள் என்பதால் என் வாக்கியங்கள் நன்றாக அமையும். "மத்தவங்க ரிப்போர்ட் மருந்துச் சீட்டு மாதிரி இருக்கு மேடம். உங்களோடதைத்தான் கோச்சுங்க முழுசாப் படிக்கிறாங்க" என்று மேலாளர் சொல்வார். அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது. அறிக்கை ஒவ்வொன்றிலும் நினைவில் நிற்கும்படி ஒரு வாக்கியமாவது எழுதிவிட வேண்டும் என்று நானாகவே ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன்.

ஒரு ஜனவரியில், அங்கே ஒரு கல்லூரிப் பெண்கள் அணியின் நடுக்கள இடத்துக்காக, ஒரு பெண்ணின் ஆட்டப் பதிவு வந்தது. பெயரைக் கண்டதும் தமிழ் முஸ்லிம் வீட்டுப் பெண் என்று தெரிந்தது. சனிக்கிழமை மாலை ஆட்டம். கேமராவைப் பொருத்திவைத்தவர் வேறொரு பெண்ணின் தந்தை போலும். அவருடைய குரல் ஆட்டம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது. "பாஸ் குடு, பாஸ் குடுடி! ஐயோ, இவ வீட்ல தோசையக் கூடத் தங்கச்சிக்குப் பங்கு வெக்க மாட்டா, பந்தையா குடுக்கப் போறா!"

முதல் பாதியில் நான் பார்க்க வேண்டிய பெண் அழகாக ஆடினாள். பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொள்வாள். அதனால் பந்து காலில் படும்போது அடுத்து எங்கே அனுப்புவது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். கற்றுக்கொடுத்து வருகிற வித்தை அல்ல அது. இடைவேளையில் மற்ற பெண்கள் பாட்டிலை அண்ணாந்து குடித்தபோது, அவள் தன் பாட்டிலைத் திறக்காமல் கையில் உருட்டிக்கொண்டு நின்றாள். இரண்டாம் பாதியில் அவளுடைய கால்கள் கனத்தன. முழங்கால்களில் கையூன்றிக் குனிந்து நின்றாள். எதிரணியின் ஒரு பெண் அவளைத் தாண்டி ஓடியபோது துரத்தவே இல்லை.

கடைசி விசில் ஊதியதும் வழக்கம்போலப் பதிவை மூடினேன். அதற்குப் பிறகு கைகுலுக்கல்களும் பைகளைத் தேடுவதும்தான் இருக்கும். அதில் மதிப்பிட ஒன்றுமில்லை என்பது என் எண்ணம்.

உடலைப் பேணும் ஒழுங்கு இல்லை, இடைவேளையில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று எழுதினேன். முத்தாய்ப்பாக இப்படி ஒரு வாக்கியம்: "முதல் பாதியை மட்டும் எழுதிவிட்டு ஆசிரியர் எழுந்து போய்விட்ட அருமையான நாவல் இவர்." எழுதியபின் இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது.

அறிக்கையின் பிரதி குடும்பத்துக்கும் போகும். மதிப்பிடுகிறவர் குடும்பத்தோடு பேசக்கூடாது என்பது நிறுவனத்தின் வழக்கம். ஆனால் அந்தப் பெண்ணின் தாய் மேலாளரை விடவில்லை. ஒரு முற்பகலில் என் கைப்பேசி அடித்தது.

"எம் புள்ள தண்ணி குடிக்கலன்னு எழுதிருக்கியளே, ஏன்னு ஒரு வார்த்த கேட்டியளா?" கோபமாகத் தொடங்கிய குரல், அந்த ஒரு கேள்வியிலேயே களைத்துவிட்டது. "அன்னக்கி அவ நோம்பு."

"ரமலான் வர இன்னும் நாள் இருக்கே" என்றேன். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நீங்களும் பொம்பளதானேம்மா. ரமலான் மாசத்துல நமக்கு அந்த நாளு வராமயா இருக்கும்? அப்ப நோம்பு புடிக்கக் கூடாது. அப்பிடி விட்டதையெல்லாம் அடுத்த ரமலானுக்குள்ள களாவாப் புடிச்சு முடிக்கணும். குளிர் காலத்துல பொழுது சின்னது, அதான் எல்லாரும் இப்பப் புடிக்கிறது. மேட்ச் திடீர்னு சனிக்கிழமைக்கு மாத்திட்டாங்க. விட்டுர்றி, இன்னொரு நாள் புடிக்கலாம்னு சொன்னேன். வெச்ச நோம்ப முறிக்க மாட்டேன்னுட்டா."

எங்கள் எதிர் வீட்டில் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி பல ஆண்டுகளாக இருக்கிறார். குளிர்காலத்தில் சில நாட்கள் நான் நீட்டும் தேநீரை, இன்று வேண்டாம் சகோதரி என்று சிரித்து மறுப்பார். உடல் இளைக்க ஏதோ செய்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். இந்த ஊரில் இத்தனை காலம் வாழ்ந்தும், சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் ஒருமுறை ஏன் என்று கேட்டதில்லை. பிறகு எப்படித் திரையில் பார்த்த ஒரு பெண்ணிடம் கேட்டிருப்பேன்?

"இன்னைக்கே காரணத்தை எழுதி அனுப்பிடறேன்" என்றேன்.

"ஐயோ, அதச் செஞ்சிராதீங்க. இருங்க, அவளே பேசுதா."

அந்தப் பெண்ணின் குரல் நான் எதிர்பார்த்ததைவிடச் சிறியதாக இருந்தது. "ஆன்ட்டி, ப்ளீஸ், அத எழுதாதீங்க. அந்தக் கோச்சும் லேடிதான், தெரியும். பட், முன்னப்பின்ன தெரியாதவங்க என்னப் பத்தி ஃபர்ஸ்ட் தெரிஞ்சுக்கறதே அதுவா இருக்கணுமா? அதோட, எக்ஸ்க்யூஸ் சொல்றேன்னு நெனப்பாங்க. எனக்கு எக்ஸ்க்யூஸ் வேணாம். வேற மேட்ச் பாருங்க, அது போதும்."

மேலாளரை அழைத்தேன். "ரிப்போர்ட் போயாச்சு மேடம், கலாஸ், முடிஞ்சது. மாத்தணும்னா காரணம் எழுதணும். என்னன்னு போட?" என்றார். சொல்ல முடியாத காரணம் என்றேன். அப்படி ஒரு கட்டம் தன் படிவத்தில் இல்லை என்று சிரித்தார். இருந்தாலும் நல்ல மனிதர். இரண்டாவது அறிக்கை ஒன்று அனுப்ப ஒப்புக்கொண்டார்.

அடுத்த ஆட்டத்துக்கு நானே போனேன். இந்த வேலையில் திரையை விட்டு வெளியே வந்து ஒரு பிள்ளையைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. செயற்கைப் புல்லின் கறுப்பு ரப்பர்த் துகள்கள் செருப்புக்குள் புகுந்து உறுத்தின. முக்காலியில் கேமராவைப் பொருத்திக்கொண்டிருந்தவர் வாயைத் திறந்ததும் அந்தத் தோசைக்காரர் என்று தெரிந்துவிட்டது.

"நீங்க எந்தப் புள்ளையோட அம்மாங்க?"

"யாரோட அம்மாவும் இல்லீங்க. சும்மா பார்க்க வந்தேன்."

"குடுத்து வெச்சவங்க. நான் எம்பொண்ணு ஆடறதப் பாத்துப் பாத்து பிரஷர் மாத்திரை போடறேன்."

அன்று அவள் நோன்பில் இல்லை. ஆட்டம் முடியும் தறுவாயில், மற்றவர்கள் நடக்கத் தொடங்கிய நேரத்தில், தன் பக்கத்துக் கோல்வரை துரத்திப் போய் ஒரு பந்தைப் பறித்தாள். அன்றிரவே அறிக்கை எழுதினேன். அலங்காரம் எதுவும் வைக்கவில்லை. கண்டதைக் கண்டபடி எழுதினேன். முதல் அறிக்கையைப் பொருட்படுத்த வேண்டாம், அது பார்த்தவளின் பிழை, ஆடியவளின் குறை அல்ல என்றும் சேர்த்தேன்.

பயிற்சியாளரிடமிருந்து பதில் வர வெகுநாளாயிற்று. அந்த நாட்களில் அவளுடைய தாய் அடிக்கடி அழைப்பார். "எதுவும் வந்திச்சாம்மா?" என்று மட்டும் கேட்பார். இல்லையென்றால், "வரும், வரும்" என்று எனக்கே ஆறுதல் சொல்லி வைப்பார்.

வந்த பதில் மரியாதையான கடிதம். ஒரே பெண்ணைப் பற்றி இரண்டு விதமான அறிக்கைகள். எதை நம்புவது என்று காரணமின்றி முடிவுசெய்ய இயலவில்லை. முதல் அறிக்கையை மறந்துவிடச் சொல்கிறீர்கள், ஆனால் அந்த நாவல் வாக்கியம் எங்கள் குழுவில் எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்டது. நடுக்கள இடத்தை வேறொரு மாணவிக்குக் கொடுத்துவிட்டோம்.

தளர்வாக எழுதியிருந்தால் மறந்திருப்பார்கள். நான் திருத்தித் திருத்திச் செதுக்கிய வாக்கியம் அது, அதனால்தான் நின்றது.

நிறுவனத்தின் மின்னஞ்சல் போவதற்கு முன்னால் நானே அழைத்துச் சொன்னேன். தாய், "சரிம்மா" என்றார். பிறகு, "நீங்க சாப்டியளா? குரலே சரியில்லையே" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பின்னாலிருந்து மகள் கேட்டாள்: "ஆன்ட்டி, செகண்ட் ரிப்போர்ட்ட எனக்கு அனுப்புவீங்களா? சும்மா வெச்சுக்கறேன்." அனுப்பினேன். இப்போது அவள் ஷார்ஜாவிலேயே ஒரு கல்லூரியில் படிக்கிறாள். அங்கே பெண்களுக்குக் கால்பந்து அணி இல்லை.

அவர்களை அழைத்துச் சொன்ன அன்று பிற்பகல்தான் முதல் பதிவை மறுபடி திறந்தேன். அதுவரை துணிவில்லை. நான் மூடிய இடத்துக்கு, கடைசி விசிலுக்கு, நகர்த்தி ஓடவிட்டேன்.

"ரெஃப்ரிகிட்ட ஒரு நியாயம் கேட்டுட்டு வரேன்" என்று தோசைக்காரரின் குரல் விலகிப் போகிறது. கேமரா அணைக்கப்படாமல் நிற்கிறது. களத்தின் எதிர்க் கோடியில் பெண்கள் புல்லில் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். வியர்த்து ஓய்ந்த அத்தனை பேரின் மடியிலும் மூடி திறக்காத பாட்டில்கள். யாரும் குடிக்கவில்லை. எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கோ ஒரு பள்ளிவாசலிலிருந்து, நோன்பு திறக்கும் நேரத்தைச் சொல்லும் மஃரிப் பாங்கு எழுகிறது. "சொல்லியாச்சு! குடி, குடி, குடி!" என்று கத்துகிறாள் கோல்கீப்பர். நோன்பிருந்தவள் ஒரு பேரீச்சம்பழத்தைக் கடித்து, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்து, தண்ணீர் குடிக்கிறாள். அதற்குப் பிறகே மற்றவர்களின் மூடிகள் திறக்கின்றன.

"ஏய், அங்கிள் கேமராவ ஆஃப் பண்ணவே இல்ல, பாரு!" என்கிறாள் யாரோ.

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவ்வளவு நீளமான களத்தின் அந்தக் கோடியிலிருந்து, லென்ஸைக் கையால் மூடும்வரை, சிரித்துக்கொண்டே, ஒரு இடத்திலும் நிற்காமல் ஓடி வந்தாள்.