நாற்பத்து நான்கு ஆணிகள்

நாற்பத்து நான்கு. மறந்துவிடாதீர்கள். பதினொரு ஜன்னல், ஜன்னலுக்கு நான்கு ஆணி. அடித்தவர் எங்கள் சாக்லேட் ஆலை முதலாளி ஏலி பெரோஷே.

அவரைக் கெட்டவர் என்று எழுதிவிட்டால் என் வேலை சுலபம். அவர் கெட்டவரில்லை. அவரும் அண்ணன் ஆப்ராமும் ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள வேவே ஊரில் சூட்டுக்கல் முன் மண்டியிட்டுக் கையால் கொக்கோ அரைத்து வளர்ந்தவர்கள். முப்பது வயதுக்குள் ஆப்ராமின் முழங்கால்கள் போய்விட்டன. அதைப் பார்த்துத்தான் ஏலி ஓடைக்கரையில் பழைய மாவு ஆலையை வாங்கி, தண்ணீர்ச் சக்கரத்தில் கருங்கல் உருளைகளைப் பூட்டினார். கல் சூடாக இருந்தால்தான் கொக்கோ இளகும். அதற்காக உருளைகள் ஓடும் கல்மேடைக்கு அடியில் கரியடுப்பு. அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை அண்ணனுக்கு.

"இனிமே யாரு முன்னாடியும் நீ மண்டி போட வேணாம்ணே."

"உன் முன்னாடியுமா, முதலாளி?" என்றார் ஆப்ராம்.

1846 குளிர்காலத்தில் ஜெனீவாக் கடை ஒன்று பெரிய ஆர்டர் கொடுத்தது. அச்சில் ஆறும் சாக்லேட்டில் குளிர்காற்று பட்டால் மேலே சாம்பல் பூக்கும். ருசி கெடாது. ஆனால் கடைக்காரன் கண்ணுக்கு அது பூசணம். முதல் ஆறு பெட்டிகள் திரும்பி வந்தன. ஆட்கள் ஜன்னலைத் திறக்காதிருக்க அன்றே ஏலி ஆணி அடித்தார்.

நான் சாக்லேட்டை அச்சில் ஊற்றித் தட்டும் மேசையருகே நின்றேன். கரிப்புகை வெளியேற வழியில்லாமல் எங்கள் எல்லோருக்கும் தலைவலி. அடுப்பருகே ஆப்ராமுக்குத்தான் அதிகம்.

"டேய் ஏலி, தலை கிறுகிறுங்குது. இந்தப் பக்கம் ஒரே ஒரு ஜன்னலைத் தொறடா."

"சனிக்கிழமை சரக்கு படகேறிடும்ணே. அதுவரைக்கும் பொறுத்துக்கோ. நானே புடுங்கிடறேன்."

"சாக்லேட்டுக்குச் சளி புடிக்கக் கூடாது, எனக்கு மூச்சு முட்டலாமாக்கும்! அவ என்ன, சீமாட்டியா?"

நாங்கள் சிரித்தோம். ஏலியும் சிரித்தார்.

வியாழக்கிழமை காலை நாங்கள் உள்ளே போனபோது, இரவெல்லாம் அடுப்பைக் காத்த ஆப்ராம் சூட்டுக்கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கன்னங்கள் சிவந்திருந்தன. தூங்குகிறார் என்றே நினைத்தோம். ஏலி தோளைத் தொட்டார். உடம்பு விறைத்திருந்தது.

"எழுந்திரு... அண்ணே. ஜன்னலைத் தொறந்துடறேன், எழுந்திருண்ணே."

கரிப்புகைக்குக் காது கிடையாது. ஏலி ஆணி பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்தார். கை கிழிந்து ரத்தம் வழிய எல்லா ஆணிகளையும் பிடுங்கினார். பனிக்காற்று உள்ளே வந்தது. மேசையிலிருந்த சரக்கு முழுக்க எங்கள் கண்ணெதிரே மெல்லச் சாம்பல் பூத்தது. யாரும் அதைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஜன்னலை மூடவேயில்லை. ஜெனீவாக் கடை கைவிட்டது. மற்ற கடைகளும் போயின.

"பாதி ஜன்னலையாச்சும் சாத்துங்களேன், சோத்துக்கு என்ன பண்றது?" என்று அவர் மனைவி சூசான் எங்கள் முன்னாலேயே கேட்டார்.

"எந்தப் பாதியைன்னு சொல்லு, சூசான். அண்ணன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு."

இரண்டாம் வருடம் ஆலையை விற்றார். வாங்கியவரிடம் விலை பேசவில்லை. ஜன்னல்களைப் பற்றி மட்டும் பேசினார். வாங்கியவர் கை கொடுத்து, "சத்தியமா மூட மாட்டேன்" என்றார். ஏலி படகுத்துறையில் மூட்டை தூக்கப் போனார்.

அடுத்த திங்கட்கிழமை நாங்கள் வேலைக்கு வந்தபோது ஜன்னலோரம் தச்சர் ஒருவர் ஏணி மேல் நின்றார்.

"எத்தனை ஆணி கொண்டாந்தே?" என்று கேட்டேன்.

"நாப்பத்தி நாலு."