அண்ணி மாட்டிய தகடு

தொலைநோக்கிக் கூடத்தில் பத்தொன்பது வருடம் உழைத்தவளுக்குக் கிடைத்த ஒரே பட்டம் 'தகட்டக்கா'. அகச்சிவப்புக் கேமராவுக்கு முன்னால் சுழலும் உள்ளங்கையளவு தகட்டைக் கழற்றித் துடைத்து மாட்டுவது அவள் வேலை. வருகிற ஒளி எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை அந்தத் தகடு இல்லாமல் அளக்க முடியாது. ஆனால் அளந்தவரைத்தான் உலகம் கொண்டாடும். துடைத்தவளை யார் கண்டார்கள்?

அளந்தவள் வேறு யாருமில்லை, நாத்தனார்தான். வேலைக்கு வந்து மூன்றே வருடம். எங்கோ ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவிலிருந்து பீய்ச்சியடிக்கும் தாரையை ஆராய்கிறாள். வீட்டில் கணவர் "என் தங்கச்சி, என் தங்கச்சி" என்று அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார். தகட்டக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் கெட்டவளாக இருந்தாலாவது திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். அதற்கும் வழியில்லை.

ஆகவே நாத்தனாரின் ஆராய்ச்சி இடறியபோது இவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. தாரை நீளும் திசையிலேயே அதன் ஒளியும் அதிரும் என்பது நாத்தனாரின் வாதம். அளவோ இருபத்திரண்டு டிகிரி தள்ளி நின்றது. கோணத்தைச் சரிபார்க்க வைத்திருந்த நட்சத்திரத்தை அன்று மேகம் மறைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, தொலைநோக்கியில் யாருக்கு எத்தனை நாள் என்று ஒதுக்கும் குழுவின் முன் பேச வேண்டும். அங்கே மூக்குடைந்தால் அடுத்த வருடம் அவளுக்குத் தொலைநோக்கி கிடையாது.

செவ்வாய்க்கிழமை தன் நோட்டைப் புரட்டிய தகட்டக்காவின் கை நின்றது. அளவெடுத்ததற்கு முந்தின நாள் தகட்டைப் பதினொரு டிகிரி திருப்பி மாட்டியிருக்கிறாள். எழுதி வைத்தவள் யாரிடமும் சொல்லவில்லை. தகடு ஒரு பங்கு திரும்பினால் ஒளியின் கோணம் இரண்டு பங்கு திரும்பும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த பாடம்.

சொன்னால் தப்பு தன் தலையில், புகழ் நாத்தனாருக்கு. நோட்டை மூடி இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள்.

வியாழக்கிழமை கணவர், "தங்கச்சி சரியாவே சாப்பிடலை. நீ கொஞ்சம் பேசிப் பாரேன்" என்றார். எனக்கு ஜுரம் வந்தபோது இந்தக் கவலை எங்கே போயிருந்தது என்று பொருமிக்கொண்டே தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு நாத்தனாரின் அறைக்குப் போனாள். ஆறுதல் சொல்ல அல்ல, அந்த முகத்தைப் பார்க்கத்தான்.

"நான் பேசப் போறதில்லை அண்ணி. கூட வேலை செய்யறவங்க தகட்டைச் சந்தேகப்படச் சொன்னாங்க. எங்க அண்ணி மாட்டினதுல தப்பே இருக்காது, என் கணக்குதான் தப்புன்னு சொல்லிட்டேன்."

இந்த நல்ல பெயரையும் அவளே வாங்கிக்கொள்வாளா? தகட்டக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"உன் கணக்கு சரி. தகட்டைப் பதினொரு டிகிரி திருப்பி மாட்டினது நான். இருபத்திரண்டைக் கழி."

நாத்தனார் கழித்தாள். திரையில் கோடு தாரையின் மேலேயே போய்ப் படுத்தது.

"எப்பத் தெரியும் அண்ணி?"

"செவ்வாக்கிழமையே."

நாத்தனார் அந்தப் படத்தை அச்சிட்டாள். பிறகு காகிதங்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நானா இருந்தா இன்னிக்கும் சொல்லியிருக்க மாட்டேன்."

அதைக்கூட எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகிறாள் என்று தகட்டக்காவுக்கு வயிறு எரிந்தது.